ஜீப் காத்திருக்காத பத்து நிமிடம்

நான் எழுதியதிலேயே அதிகம் பாராட்டு வாங்கிய காட்சி ஒரு பொய். அது பொய் என்று எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் தலைகால் புரியாமல் திரிந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் கேம்களுக்குக் கதை எழுதுவது என் பிழைப்பு. கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீட்டு முன்னறையில், பழைய தையல் மிஷின் மேசைமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பெங்களூருவில் இருக்கும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு எழுதுகிறேன். அதற்கு முன் இங்கே தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான்கு வருடம் தரக்கட்டுப்பாட்டு அறிக்கை எழுதினேன். எந்த போல்ட்டில் கீறல், எந்தப் பெட்டியில் துரு என்று ஆங்கிலத்தில் எழுதி எழுதியே, பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் எனக்கு வந்துவிட்டதாக நினைத்திருந்தேன். அந்த நினைப்புதான் பிழைப்பைக் கெடுத்தது.

நான் எழுதிய கேம் பெரியவர்களுக்கானது. பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் உள்ளே வரக்கூடாது என்று முகப்பிலேயே போட்டிருக்கும் வகை. மாய உலகம், கோட்டை, தலையில் கொம்பு முளைத்த ஓர் இனம், இடையிடையே படுக்கையறை. படுக்கையறைக் காட்சிகளை எழுத வேறு ஆள் இருந்தார். கதையை அந்த அறையின் கதவு வரை கொண்டுபோய் விடுவது என் வேலை.

வீட்டில் "கேமுக்குக் கதை எழுதறேன்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அம்மாவும் தொழிற்பேட்டை கேன்டீனில் தன்னோடு வேலை செய்கிறவர்களிடம் அப்படியே சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வாள். ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி, அதுல கசமுசா எல்லாம் வருமா?"

"கொஞ்சம் வரும்மா."

"வந்தா வருது. சினிமால வராததா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். நான்தான் முகம் சிவந்து உட்கார்ந்திருந்தேன்.

கதை இதுதான். கொம்பு இனத்தார் அந்த ராஜ்ஜியத்தில் அடிமைகள். கழுத்தில் இரும்பு வளையம். வெளியூரிலிருந்து வரும் ஒரு வீரன் அந்த வளையங்களை உடைக்கிறான். கேமை ஆடுகிறவர்தான் அந்த வீரன். அவன் விடுவிக்கும் மூன்று பெண்கள் அவனோடு அவன் மாளிகைக்கு வருகிறார்கள். ஒவ்வொரு பெண்ணின் தலைக்கு மேலும் அன்பை அளக்கும் ஒரு கோடு உண்டு. வளையம் உடைகிற நொடியில் அந்தக் கோடு நாற்பதிலிருந்து தொண்ணூறுக்கு எகிறும். தொண்ணூறைத் தொட்டால் அறைக் கதவு திறக்கும். கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது பெண்ணை என்னிடம் கொடுத்தார்கள். கோட்டைக்காரனின் தானியக் களத்தில் வேலை செய்கிறவள். எங்கள் குழுவின் தலைவர், பெங்களூருவில் வளர்ந்த தமிழர், நல்ல மனிதர்தான், என்னிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். முதல் இரண்டு பெண்களின் கதையை வெளியாட்கள் சிலருக்குக் காட்டியபோது, 'நன்றிக்காகப் படுக்கைக்கு வருவது போல இருக்கிறது, உறுத்துகிறது' என்று சொன்னார்களாம். "மூணாவது பொண்ணு கதையில அந்த உறுத்தல் வரக்கூடாது. அவளா விரும்பி இருக்கான்னு தெரியணும். எப்படின்னு நீங்க கண்டுபிடிங்க" என்றார்.

நான் கண்டுபிடித்தேன். வளையம் உடைந்த அன்று, கோட்டைக் கதவு திறந்து கிடக்கும்போது, மழை கறுத்துக்கொண்டு வருகிறது. களத்தில் தானியம் காய்கிறது. மற்றவர்கள் வெளியே ஓட, இவள் மட்டும் திரும்பி ஓடித் தானியத்தைக் குவித்து மூடுகிறாள். யாரும் ஏவவில்லை. வீரன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான்.

தலைவர் வீடியோவில் கைதட்டினார். "இந்த ஒரு சீன் போதும். கதவு திறந்திருக்கு, ஆனா அவ போகல. விருப்பப்பட்டுத்தான் இருக்கான்னு ப்ளேயருக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் வர்றது எதுவும் தப்பா தெரியாது."

நான் பூரித்துப்போனேன். இரண்டு நாள் கழித்து, ரேஷன் கார்டு தேடுகிறேன் என்று பீரோவைத் திறந்தபோது பழைய காகிதங்கள் வைக்கும் பச்சை பிளாஸ்டிக் கவர் கையில் சிக்கியது. அதில் இருக்கும் காகிதம் எனக்கு மனப்பாடம். இருந்தும் நின்றபடியே மறுபடி படித்தேன்.

நான் ஓர் அரிசி ஆலையில் வளர்ந்தவள். திருவள்ளூர் மாவட்டத்தில் எங்கே என்பது இப்போது முக்கியமில்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் கூலி வேலை செய்துகொண்டிருந்த என் பெற்றோர் ஒரு பிரசவச் செலவுக்கு அட்வான்ஸ் வாங்கி அந்த ஆலைக்குள் போனார்கள். அந்தப் பிரசவத்தில் பிறந்தவள் நான்தான். ஒன்பது குடும்பங்கள். விடியும் முன் நெல் அவித்து, பகலெல்லாம் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் காயவைக்க வேண்டும். கேட்டைத் தாண்ட மேஸ்திரியின் உத்தரவு வேண்டும். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் வெளியே போனால் மற்றவர் உள்ளே இருந்தாக வேண்டும். கொத்தடிமை என்ற சொல்லை நாங்கள் அங்கே கேட்டதே இல்லை. வெளியே வந்த பிறகு காகிதத்தில்தான் பார்த்தோம்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது, யாரோ கொடுத்த மனுவின் பேரில் ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பிற்பகல் நேரம். எல்லாரையும் ஜீப்பின் பக்கத்தில் வரிசையாக நிற்கச் சொன்னார். பிள்ளைகளை உமிக் கொட்டகைக்குள் அனுப்பிவிட்டார்கள். நாங்கள் தகர ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையில் அம்மா மூன்றாவதாக நின்றாள். முதல் ஆளிடம் கேள்வி ஆரம்பித்த நேரத்தில் வானம் இருண்டது. இடி ஒன்று விழுந்தது.

வரிசை கலைந்தது. முதலில் ஓடியது என் அம்மா. அவள் பின்னால் எல்லாரும் ஓடினார்கள். பலகையால் நெல்லைத் தள்ளினார்கள், விளக்குமாற்றால் கூட்டினார்கள், படுதாவை இழுத்தார்கள். பிறகு மழை வெள்ளையாகக் கொட்டியதில் எனக்கு எதுவும் தெரியவில்லை. மழை ஓய்ந்து எங்களைக் கொட்டகையிலிருந்து வெளியே விட்டபோது ஜீப்பும் இல்லை, வரிசையும் இல்லை. மாலையில் மேஸ்திரி சிரித்துக்கொண்டே கேட்டைப் பூட்டினான்.

பச்சைக் கவரில் இருந்தது அந்த அதிகாரி அன்று எழுதிய விசாரணைக் குறிப்பின் நகல், கல்லூரியில் படிக்கும்போது நான் மனுப் போட்டு வாங்கியது. 'தொழிலாளர்கள் எவரும் ஏவாமல், என் முன்னிலையிலேயே தாங்களாகப் பணிக்குத் திரும்பினர். விருப்பத்தின் பேரிலேயே பணிபுரிகின்றனர் எனத் தெரியவருகிறது.'

இரண்டே வாக்கியம். அதற்கு விலை ஆறு மாதம். ஆறு மாதம் கழித்து வேறோர் அதிகாரி வந்து எங்களை வெளியே கொண்டுவந்து விடுதலைச் சான்று கொடுத்தார். அந்த ஆறு மாதத்துக்கு நடுவில்தான் நெல் அவிக்கும் தொட்டியின் கொதிநீர் அப்பாவின் வலது காலில் கொட்டியது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்கு விட்டார்கள். இன்றுவரை அந்தக் காலில் ஷூ ஏறாது. தொழிற்பேட்டையில் ஷூ போடாதவனுக்கு செக்யூரிட்டி வேலைகூடக் கிடையாது. அப்பா வீட்டிலேயே இருக்கிறார்.

அந்தக் குறிப்பை எழுதிய மனிதரைக் கல்லூரி நாட்களில் எவ்வளவு வைதிருக்கிறேன்! இப்போது நானும் அதையேதான் எழுதியிருந்தேன். அவர் சர்க்கார் காகிதத்தில் எழுதினார், நான் கேமில் எழுதினேன். பெற்ற தாய் நெல்லை நோக்கி ஓடியதை எடுத்து, ஒரு படுக்கையறைக் கதவுக்குச் சாவியாகச் செய்து கொடுத்துவிட்டு, கைதட்டல் வாங்கியிருந்தேன். என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். 'அன்றைக்கு ஏன் ஓடினாய்?' இந்த ஒரு கேள்வியை இருபது வருடத்துக்கு மேலாக நான் கேட்டதில்லை. அந்த அதிகாரி எழுதியது ஒருவேளை நிஜமாக இருந்துவிட்டால் என்ற பயம்தான் காரணம். சங்கிலி அவள் காலில் இல்லாமல் மனதில் இருந்திருந்தால், அதை அவள் வாயாலேயே கேட்க எனக்குத் தைரியமில்லை.

கேட்காமலேயே காட்சியை மாற்றி எழுதினேன். கோபத்தோடு எழுதினேன். புதிய காட்சியில் மழை வருகிறது, களத்தில் தானியம் காய்கிறது, அவள் பலகையை வீசி எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கதவைத் தாண்டிப் போகிறாள். கோட்டைக்காரனின் தானியம் நனைந்து நாசமாகிறது. வீரனோடும் அவள் போகவில்லை. தன் வழியில் போகிறாள். அவள் தலைக்கு மேல் அன்பை அளக்கும் கோடும் இனி இல்லை. எழுதி முடித்ததும் நெஞ்சு நிமிர்ந்தது.

தலைவருக்கு அனுப்பினேன். அவர் உடனே அழைத்தார்.

"ஆறு மணி நேரம் ஆடி அவளை விடுவிச்ச ப்ளேயருக்கு என்னங்க கிடைக்கும்?"

"அவ போறதப் பாக்கலாம்."

"அவ இருக்கற மாதிரி ஒரு ஆப்ஷனாவது வைங்க. அது அவ இஷ்டம்தானே?"

"போறதுக்கு ஒரு வீடு இல்லாதவ 'இருக்கேன்'னு சொல்றத எப்படிங்க இஷ்டம்னு எடுத்துக்கறது? அந்த மாளிகையை விட்டா அவளுக்குப் படுக்க இடமே நம்ம கதையில இல்ல."

அவர் கோபப்படவில்லை. ஒரு வாரம் டைம் எடுத்துக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் ஏதாவது யோசிக்கச் சொன்னார். இல்லையென்றால் கேமில் முதல் காட்சியையே வைத்துவிடுவோம் என்றார். அதை வைத்தால் நான் வெளியேறிவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். ஆனால் நான் வெளியேறினாலும் என் அம்மாவின் ஓட்டம் அந்தக் கேமுக்குள்ளேயே கிடக்கும். எவன் எவனோ அதைப் பார்த்து, அவள் விரும்பித்தான் இருந்தாள் என்று நினைத்துக்கொள்வான். அதுதான் என்னை அரித்தது.

மறுநாள் அம்மா முதல் ஷிஃப்ட் முடித்து மதியம் மூன்றரைக்கு வந்தாள். கேன்டீனில் மிஞ்சிய இட்லியை டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "இன்னாடி, கதை பேஜாராப் பூட்ச்சா?" என்றாள்.

அவள் கிண்டலுக்குக் கேட்டதுதான். நான் முழுக்கதையையும் சொல்லிவிட்டேன். கொம்பு, வளையம், வீரன், கோட்டை, எல்லாம். களம் என்றதும் அவள் டப்பாவைக் கீழே வைத்தாள். நான் புதிய காட்சியைத்தான் சொன்னேன். பழையதைச் சொல்ல நா எழவில்லை.

"மழை வருதும்மா. இவ நெல்ல அப்படியே உட்டுட்டு வெளிய போயிடறா. மொத்த நெல்லும் நனைஞ்சு பூடுது."

"நெல்லயா?"

"அந்தக் கோட்டைக்காரன் நெல்லும்மா. கழுத்துல வளையம் போட்டவன்."

"அவன் போட்டான். நெல்லு இன்னாடி பண்ணுச்சு?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். எதைப் பற்றிய கதை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"விடியாத நேரத்துல எழுந்து நான் அவிச்ச நெல்லு அது. உங்க நைனா தூக்கியாந்து கொட்னது. அவிச்ச நெல்லு நனைஞ்சா நாறிப்பூடும், எவனும் துன்ன முடியாது. மேஸ்திரி அடிப்பான்னு பயமும் இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா நான் ஓடனது அதுக்கு இல்ல. மழ வந்தா நெல்ல மூடணும். கொயந்த அழுதா தூக்கற மாதிரிதான். அதுக்கு யாரு மொதலாளின்னா பாத்துக்கினு இருப்பாங்க?"

இருபது வருடப் பயம் அந்த வார்த்தையில் கரைந்தது. அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு கேட்டேன்.

"அப்ப அந்த ஆபீசர் கிட்ட ஏம்மா திரும்பி வரல? அவரு, நீங்களா வேலைக்குப் போயிட்டீங்கன்னு எழுதி வெச்சிருக்காரு."

அம்மா நிமிர்ந்தாள். "வரலயா? யாரு சொன்னா வரலன்னு?"

எனக்குத் தெரியாத மிச்சக் கதையை அவள் அப்போதுதான் சொன்னாள். படுதா போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு, ஒன்பது குடும்பமும் கொட்டுகிற மழையில் திரும்பி வந்து அதே இடத்தில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். அதே வரிசை. அம்மா மூன்றாவது. மழை வெள்ளையாகக் கொட்டியதில் கொட்டகைக்குள் இருந்த எனக்கு அது தெரியவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்டேன். பத்து நிமிடம் இருக்கும் என்றாள்.

"வந்து பாத்தா ஜீப்பு இல்ல. மழைக்குப் பூட்டாரு போல, ஒதுங்கிட்டு வருவாருன்னு நெனச்சோம். அப்படியே நின்னுக்கினு இருந்தோம். மழ உட்ற வரைக்கும் நின்னோம். வரல." டப்பாவை மறுபடி கையில் எடுத்தாள். "பத்து நிமிஷம் நிக்கல அந்த ஆளு."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு முறை எழுதினேன், இரண்டு முறையும் தப்பு. முதலில் அவள் நெல்லை மூடியதை விருப்பம் என்று எழுதினேன். அடுத்து அவள் விடுதலையாக வேண்டுமென்றால் நெல்லை நாசமாக்கியாக வேண்டும் என்று எழுதினேன். நெல்லையும் மூடிவிட்டு, வாசலுக்கும் வருவாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதிகாரிக்கும் தோன்றவில்லை. வித்தியாசம் என்னவென்றால் நான் அவள் மகள்.

மூன்றாம் முறை எழுதியதில் என் கற்பனை என்று பெரிதாக எதுவும் இல்லை. மழை வருகிறது. அவள் களத்துக்கு ஓடுகிறாள். வீரன் கோட்டைக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கதவு கனமானது, விட்டால் மூடிக்கொள்ளும். நகர்வதைத் தவிர ஆடுகிறவர் அழுத்துவதற்கு வேறு பொத்தான் கிடையாது. அவளைக் கூப்பிட முடியாது, உதவ முடியாது. பத்து நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். நகர்ந்தால் கதவு மூடும், அவள் உள்ளேயே தங்கிவிடுவாள். கேம் அவளில்லாமல் மேலே போகும். நின்றால், அவள் தானியத்தை மூடிவிட்டு வந்து, அவனைத் தாண்டி வெளியே போவாள். அவனோடு அல்ல. கதவுக்கு வெளியே, இரண்டு ஊர் தள்ளி, அவள் ஆட்கள் குடியிருக்கும் ஓர் ஊரையும் வரைபடத்தில் சேர்த்தேன்.

தலைவர் படித்துவிட்டுச் சிரித்தார். "பத்து நிமிஷமா? ஆளு குளோஸ் பண்ணிட்டுப் போயிடுவான்."

"ஒருத்தர் போனாருங்க" என்றேன். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. ஆலையை, ஜீப்பை, குறிப்பை, அப்பாவின் காலை, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை செய்யும் இடத்தில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. நான் முடித்ததும் அவர் அழைப்பைத் துண்டித்தார். காரியம் கெட்டது என்று நினைத்தேன். மறுநாள் காலையில் இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது. மூன்று நிமிடம் தருகிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது என்று எழுதியிருந்தார்.

மற்ற இரண்டு பெண்களின் கதையை அவர் தொடவிடவில்லை. அவர்கள் இன்னும் அந்த மாளிகையில்தான் இருக்கிறார்கள், தலைக்கு மேல் தொண்ணூறு காட்டிக்கொண்டு. நான் பிறகு அதற்காகச் சண்டை போடவும் இல்லை. கிடைத்ததே போதும் என்று ஒதுங்கிவிட்டேன். இதை எழுதும்போதும் அது முள்ளாகக் குத்துகிறது.

மாதங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பரிசோதனைக்காக அந்தக் காட்சியை எனக்கு அனுப்பினார்கள். அப்பா வாசல் வெயிலில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா நாஷ்டா முடித்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "வந்து பாரும்மா" என்று கூப்பிட்டேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

திரையில் மழை கொட்டியது. கொம்பு முளைத்த பெண் களத்தின் அந்தக் கோடியில் சிறியதாகத் தெரிந்தாள். பலகையால் தள்ளினாள், கூட்டினாள். பலகையைக் குறுக்கே பிடித்துச் சாய்வாகத் தள்ளும் விதத்தை நான்தான் வரைகிறவருக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தக் கோடியில் வீரன் கதவைப் பிடித்தபடி நனைந்துகொண்டிருந்தான். நான் எந்த விசையையும் தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"படுதா பெருசா இல்லயே" என்றாள் அம்மா. பிறகு, "ஆங், கல்லு வெக்கிறா" என்றாள்.

ஒரு நிமிடம் ஆனது. இரண்டாவது நிமிடத்தில் காற்று வீசி, வீரனின் கால் லேசாக வழுக்கும். நின்று சலித்த ஆள் போலத் தெரியும். வரைந்தவர்கள் தாங்களாகச் சேர்த்தது அது. அதைப் பார்த்ததும் அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது. விரல்கள் வலித்தன. அவள் என்னைப் பார்க்கவில்லை, கேம் என்பதும் அவளுக்கு அப்போது நினைவில்லை.

"இருய்யா," என்றாள் அவனிடம். "கொஞ்சம் இருய்யா. தோ, வந்துடுவா."